மீட்டர் முதலில், ஸ்கேனர் அப்புறம்

கேள்வி: ஓசூரில் இருக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வேலைக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். கார் சனி, ஞாயிறுக்கு மட்டும், அதுவும் கடை, கோயில் என்று ஆறேழு கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி, வாங்கி நான்கு வருடம் ஆகப்போகிறது. டிசம்பரிலிருந்து சனிக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்டீயரிங் லைட், ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் மூன்றும் சேர்ந்து எரிகின்றன. கடிகாரம் 1:00க்குப் போய்விடுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றிரண்டு அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனால் வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் சில நேரம் கல் மாதிரி இறுகுகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து 11 கோடு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) வந்திருக்கிறது, ஸ்டீயரிங் கன்ட்ரோல் யூனிட் மாற்ற வேண்டும், 52,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பேட்டரி 12.5 காட்டுகிறதாம், நன்றாக இருக்கிறதாம். ஆறு மாதம் முன்பு டேஷ் கேமரா ஒன்று மாட்டினோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? வாரம் முழுக்க பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தால் சரியாகுமா? லைட் எரியும்போது ஓட்டலாமா?

பதில்: டீச்சர், அந்த 52,000 ரூபாய் வேலைக்கு இப்போதே சரி சொல்லிவிடாதீர்கள். ஸ்டீயரிங் யூனிட் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதில் இரண்டு வரிகள் என்னை வேறு பக்கம் இழுக்கின்றன. தொந்தரவு சனிக்கிழமை வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்கிறீர்கள். யூனிட்டுக்குக் கிழமை தெரியாது. பேட்டரிக்குத் தெரியும், திங்கள் முதல் வெள்ளி வரை பட்டினி கிடப்பது அதுதான். அடுத்தது, மூன்று லைட்டும் சேர்ந்து எரிவது. ஸ்டீயரிங், பிரேக், ஏர்பேக் மூன்றுக்கும் யூனிட் வேறு, சென்சார் வேறு. மூன்றும் பேசி வைத்துக்கொண்டு ஒரே காலையில் கெட்டுப்போகுமா? மூன்றுக்கும் பொதுவாக இருப்பது சாப்பாடு. அதாவது பேட்டரியிலிருந்து வரும் கரண்ட், அது திரும்பிப் போகும் எர்த்.

டேஷ்போர்டில் சீரியல் செட் போட்ட மாதிரி லைட்டுகளோடு ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தால், நான் முதலில் ஸ்கேனரை எடுப்பதில்லை. வோல்ட், ஆம்பியர் அளக்கிற 600 ரூபாய் மல்டிமீட்டர்தான். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருக்கிறேன். இந்த வரிசையை மாற்றிய நாளெல்லாம் யாரோ ஒருவருக்கு வீண் செலவு வைத்திருக்கிறேன், சில நேரம் எனக்கே.

முதலில் அந்த 12.5 கதையைப் பார்ப்போம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டுதானே போயிருப்பீர்கள்? ஓடும்போது டைனமோ 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டே வரும். இன்ஜினை அணைத்த பிறகும் அந்தச் சார்ஜ் தகடுகளின் மேல்பரப்பில் கொஞ்ச நேரம் நிற்கும், காபி மேல் நுரை நிற்கிற மாதிரி. நுரையைப் பார்த்துவிட்டு டம்ளர் நிறைய காபி இருக்கிறது என்று சொன்னால் எப்படி? ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று பொறுத்து அளந்தால் நுரை அடங்கியிருக்கும். அதைவிட நல்லது, பல மணி நேரம் நின்ற வண்டியில் விடிந்ததும் அளப்பது.

12 வோல்ட் பேட்டரி என்பது பெயர்தான். உள்ளே ஆறு செல், செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட். ஆகவே முழுசாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6, 12.7 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12.0 காட்டினால் கால்வாசிதான் மிச்சம். 12க்கு 12 எடுத்த பையன் உங்கள் வகுப்பில் நூற்றுக்கு நூறு. பேட்டரிக் கணக்கில் அவனுக்கு இருபத்தைந்து மார்க். 11.8 வந்துவிட்டால் காலி. 10.5 பக்கத்தில் நின்றுகொண்டு, சார்ஜ் போட்டாலும் ஏறமாட்டேன் என்றால் ஆறில் ஒரு செல் செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் சும்மா நிற்கும்போது அளக்கிற வோல்ட்டேஜ் பாதிக் கதைதான் சொல்லும். மீதி, செல்ஃப் அடிக்கும்போதுதான் தெரியும். உங்கள் வண்டி மாதிரி சின்ன பெட்ரோல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கும். சுற்ற ஆரம்பிக்கிற முதல் கணத்தில் அதைவிட அதிகம். ஓம் விதி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வயதான பேட்டரியின் உள்மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க ஒன்றுமே இல்லாத எண். அதில் 150 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் உள்ளேயே போய்விடும். 12.1ல் ஆரம்பித்த பேட்டரி அந்த ஒரு நொடிக்கு 9.1 ஆகிறது. டெர்மினலில் களிம்பு பிடித்து இன்னொரு 0.01 ஓம் சேர்ந்தால் மேலும் ஒன்றரை வோல்ட் போச்சு. வண்டிக்குள் இருக்கிற யூனிட்டுகளுக்குக் கிடைப்பது ஏழரை.

ஏழரையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும், அதுதான் நம்மை ஏமாற்றுவது. இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டரான ஈசியூவை இந்தப் பள்ளத்தைத் தாண்டும்படியாகவே வடிவமைத்திருப்பார்கள். மற்றவற்றுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்குக் கீழே போனால் ஒன்று தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும், ஒன்று வாயை மூடிக்கொள்ளும். இந்த யூனிட்டுகள் எல்லாம் இரண்டு ஒயரில் எந்நேரமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. ஒன்று அரை நொடி மௌனமானால் மற்றவை சும்மா இருக்காது, "அவரிடமிருந்து தகவல் வரவில்லை" என்று ஆளுக்கு ஒரு கோடு எழுதி வைத்துக்கொள்ளும். உங்களுடைய 11 கோடில் எத்தனை யு (U) என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். யு 0100 என்றால் இன்ஜின் ஈசியூவோடு தொடர்பு போனது, யு 0121 என்றால் ஏபிஎஸ்ஸோடு. கூடவே பி (P) 0562 இருந்தால் இன்னும் நல்லது. "வோல்ட்டேஜ் குறைவு" என்று வண்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் அது. அதை விட்டுவிட்டு மற்ற பத்தையும் விசாரித்தால் வீடு போய்ச் சேர முடியாது.

ஸ்டீயரிங் ஏன் முதல் ஆளாகப் புகார் சொல்கிறது? உங்கள் வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவது ஒரு மின்மோட்டார். நின்ற இடத்தில் முழுசாகத் திருப்பும்போது அது 50 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். செல்ஃபுக்கு அடுத்த பெருந்தீனிக்காரன். வோல்ட்டேஜ் போதவில்லை என்று தெரிந்தால் அதன் யூனிட் உதவியைக் குறைத்துக்கொண்டு லைட்டைப் போடும். அதாவது கெட்டுப்போய் அப்படிச் செய்வதில்லை. அப்படிச் செய்யச் சொல்லித்தான் அதற்கு எழுதியிருக்கிறார்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். வீட்டில் உதவிக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையே பானெட்டைத் திறந்து, பூட்டாமல் லேசாகச் சாய்த்து வைத்து, வண்டியைப் பூட்டிவிடுங்கள். காலையில் கதவைத் திறந்தால் வண்டி விழித்துக்கொண்டு கரண்ட் எடுக்க ஆரம்பித்துவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சனிக்கிழமை காலை கதவைத் தொடாமல் பானெட்டைத் தூக்கி மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளங்கள். மீட்டர் ஒயரின் ஊசிமுனை (முள்), பேட்டரி ஒயரின் கிளாம்ப் மேல் படக்கூடாது, நடுவில் ஈயத் தலை தெரியுமே, அதன் மேல் பட வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டர் முள்களை அங்கேயே பிடித்துக்கொண்டு, செல்போனில் மீட்டரை வீடியோ எடுத்தபடி மற்றவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விலை மலிவான மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், கண் அதைத் தவறவிட்டுவிடும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மிகத் தாழ்ந்த எண் கிடைக்கும். 10க்கு மேல் நின்றால் பேட்டரிமேல் சந்தேகம் வேண்டாம். 9.6க்குக் கீழே போனால் பேட்டரி முழுச் சார்ஜில் இல்லை, அல்லது வயதாகிவிட்டது. எது என்பதை, முழுசாகச் சார்ஜ் போட்டுவிட்டு இதே சோதனையை மறுபடி செய்தால் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, ஒரு முள் ஈயத் தலையில், இன்னொரு முள் அதைக் கவ்வியிருக்கிற கிளாம்ப்பில். ஆம், இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற பொருள்கள்தான். நடுவில் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த இடுக்கில்தான் களிம்பு உட்கார்ந்திருக்கிறது. வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்பக்கம் கருத்துப் போயிருக்கும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக. வெந்நீர் ஊற்றி, துடைத்து, உப்புத்தாளால் உள்பக்கம் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். கிரீஸை உள்ளே தடவி மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

பார்க்கிங்கில் ஸ்டீயரிங் இறுகுகிறது என்றீர்களே, அதற்காக எர்த்தையும் பார்க்கச் சொல்வேன். ஒரு வண்டிக் கதை சொல்கிறேன். இதே ஸ்டீயரிங் லைட்தான். வண்டிக்காரர் எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தார். பேட்டரி புதுசு, 12.7. இன்ஜின் ஓடும்போது பேட்டரித் தலையில் 14.2, டைனமோவும் சுத்தம். செல்ஃப் அடிக்கும்போது 10.8. எல்லாம் சரி, லைட் மட்டும் எரிகிறது. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவ் தலையிலும் இன்னொன்றைப் பாடியில் ஒரு சுத்தமான போல்ட்டிலும் வைத்துக்கொண்டு, ஹெட்லைட், ஏசி ஊதி எல்லாவற்றையும் போடச் சொன்னேன். 0.3. நல்ல எர்த்தில் 0.1, அதிகம் போனால் 0.2 இருக்கும். பிறகு ஸ்டீயரிங்கை அந்த மூலைக்குத் திருப்பச் சொன்னேன். மீட்டர் 1.6க்கு ஏறியது, லைட் எரிந்தது. பேட்டரித் தட்டைத் தூக்கினால் கீழே பாடியோடு எர்த் ஒயர் சேரும் இடத்தில் அழகான வெள்ளை பெயின்ட். முந்தைய வருடம் முன்பக்கம் இடித்து டிங்கரிங் செய்தபோது, பெயின்ட் அடித்து முடித்துவிட்டு அதன் மேலேயே ஒயரை முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் அந்த வண்டி ஒரு வருடம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, பல்வாஷர் போட்டு முடுக்க பதினைந்து நிமிடம். இரண்டு பழைய பேட்டரிகளும் பாவம், நிரபராதிகள்.

செல்ஃபின் கரண்ட் திரும்புவது இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு வரும் எர்த் வழியாக, ஸ்டீயரிங் யூனிட்டின் கரண்ட் திரும்புவது பாடி எர்த் வழியாக. ஆகவே ஸ்டார்ட்டிங் கச்சிதமாக இருந்தும் ஸ்டீயரிங் அழலாம். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்: இன்ஜின் உலோகத்தில் முள்ளை வைத்து செல்ஃப் அடித்துப் பார்ப்பது, பாடியில் வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்பது. பின்னதைச் செய்யும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், கை, துப்பட்டா, முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

இனி கேமரா. சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள், எனக்கு அதுதான் முதல் குற்றவாளி. நிறுத்தி வைத்திருக்கும்போதும் காவல் காக்கட்டும் என்று கேமராவை எப்போதும் கரண்ட் இருக்கிற ஃபியூஸில் கொடுத்துவிடுவது வழக்கம். கணக்குப் போடுவோம். பூட்டி வைத்த வண்டி தன் பங்குக்கு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் எடுப்பது இயல்பு. 30 என்று வையுங்கள், நாளைக்கு 0.7 ஆம்பியர் மணி. கேமரா 100 மில்லி ஆம்பியர் எடுத்தால், அது அடக்கமான கணக்கு, நாளைக்கு 2.4. சேர்த்து 3.1. ஞாயிறு மாலை முதல் சனி காலை வரை ஐந்தரை நாள், 17 ஆம்பியர் மணி. உங்கள் வண்டி அளவுக்குப் பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி பேட்டரி இருக்கும், ஆனால் நான்கு வயதில் அதற்குள் 25 இருந்தாலே பெரிது. 25ல் 17 போனால்? சனிக்கிழமை காலையில் 12.1 அல்லது அதற்கும் கீழே நிற்கும் என்று நான் இங்கே உட்கார்ந்தே பந்தயம் கட்டுவேன்.

செலவு அது. வரவு? ஆறு கிலோமீட்டர் போய் ஆறு கிலோமீட்டர் வருவது. ஈய பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கிக்கொள்ளும், நிறைய நிறைய மெதுவாகத்தான் குடிக்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற மணிக்கணக்காகும். அரை வயிற்றோடு மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகி, கொள்ளளவு இன்னும் குறையும். ஸ்டார்ட் செய்து வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பவர்கள் நிறைய பேர். அந்தப் பத்து நிமிடத்தில் பேட்டரிக்கு 10 ஆம்பியர் போனாலும் 1.7 ஆம்பியர் மணிதான் சேரும். கேமராவின் ஒரு நாள் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

அதனால் மீட்டர் வாங்குவதற்கு முன்பே, இன்றைக்கே, கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் கருவி ஏதாவது செருகியிருந்தால் அதையும். பிறகு பேட்டரிக் கடையில் கொடுத்து ஒரு இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றி வாங்கி மாட்டிவிட்டு, இரண்டு சனிக்கிழமை பாருங்கள். லைட் வரவில்லை என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. கேமரா வேண்டும் என்றால் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஃபியூஸுக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள், நூறு இருநூறு ரூபாய் வேலை. கேமராவை எடுத்தும் பேட்டரி இறங்குகிறது என்றால் வேறு எதுவோ திருடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஆம்பியரை அளக்க வேண்டும். வண்டி முழுசாகத் தூங்க சில மாடல்களில் அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும், அதற்கு முன் அளந்தால் பொய் எண் வரும். அதை ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

டைனமோவையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரித் தலையில் 13.8க்கும் 14.7க்கும் நடுவில் எங்காவது இருந்தால் போதும். லைட், ஏசி எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழே போகக்கூடாது. (சில புது வண்டிகளில் டைனமோவை ஈசியூவே ஏற்றி இறக்கும், ஒரு எண்ணை மட்டும் பார்த்து அதைத் திட்டாதீர்கள்.) அதே இடத்தில் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (மாறுமின்னோட்டத்துக்கு) மாற்றி அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் டைனமோவுக்குள், அந்த ஏசியை டிசியாக்கும் டையோடு கெட்டுப்போயிருக்கிறது. அது வெளியே தெரியாமல் எலெக்ட்ரானிக்ஸைக் குழப்பும், இரவில் பேட்டரியையும் உறிஞ்சும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. டைனமோ வேலை செய்கிறதா பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசடர் காலத்து வித்தை. அன்றைக்கு வண்டியில் கெட்டுப்போக எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. இன்றைக்கு அப்படிப் பிடுங்கினால் கண நேரத்துக்கு வோல்ட்டேஜ் 40ஐயும் தாண்டி எகிறும். அதுவரை நன்றாக இருந்த யூனிட் அந்தக் கணத்தில் நிஜமாகவே போய்விடும். யாராவது உங்கள் வண்டியில் அதற்குக் கை நீட்டினால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வாரம் முழுக்க ஒயரைக் கழற்றி வைக்கலாமா? பேட்டரிக்கு நல்லதுதான், வண்டிக்கு எரிச்சல். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடிகாரம் போகும், பவர் விண்டோ ஒரே அழுத்தில் மேலேறுவதை மறக்கும், ஐடிலிங் கொஞ்சம் தடுமாறும். சில மாடல்களில் ஸ்டீயரிங்கை இரு மூலைக்கும் திருப்பி மறுபடி கற்றுக்கொடுக்கும்வரை அதே லைட் எரியும். பழைய பிரச்சினையா, புதியதா என்று உங்களுக்கே குழம்பிப் போகும். அதைவிடப் புதன்கிழமை மாலை ஒருநாள் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். முடியாவிட்டால், தானாக நிறுத்திக்கொள்ளும் சின்ன சார்ஜர் ஒன்றை வாங்கி வாரம் ஒரு இரவு போடுங்கள், காற்றோட்டமான இடத்தில். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

லைட் எரியும்போது ஓட்டுவது பற்றி. ஏபிஎஸ் லைட் எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஏர்பேக் லைட் எரிந்தால் மோதும்போது பை விரியும் என்ற உத்தரவாதம் இல்லை. ஸ்டீயரிங் உதவி போனால் திருப்பலாம், பலம் வேண்டும். வளைவில் திடீரென்று போனால் கை எதிர்பார்த்திருக்காது. பக்கத்துக் கடைக்கு மெதுவாகப் போகலாம், இதோடு பெங்களூரு ஹைவேயில் ஏறாதீர்கள். ஓடும்போது சிவப்பு பேட்டரி லைட் எரிந்தால் அது வேறு விஷயம், டைனமோ நின்றுவிட்டது. ஏசியை அணைத்துவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் ஒயர் பக்கம் மட்டும் யார் சொன்னாலும் மீட்டரைக் கொண்டுபோகாதீர்கள்.

பேட்டரி மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், அதுவும் நடக்கலாம், நான்கு வருடம் நம் வெயிலில் மோசமான ஆயுள் இல்லை. இங்கே பேட்டரியைக் கொல்வது சித்திரை வெயில், ஆனால் சாவு தெரிவது மார்கழிக் குளிரில். உங்கள் தொந்தரவு ஓசூர் குளிரில் டிசம்பரில் ஆரம்பித்ததும் இதனால்தான். அதே அளவு, அதே பக்கம் டெர்மினல், தயாரித்த மாதம் அண்மையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிக்னலில் தானாக அணைந்து ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் அதற்கென்று இருக்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும், கடைக்காரர் மலிவாக ஒன்றைக் காட்டினாலும்.

இவ்வளவும் ஆன பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். 11 கோடையும் ஒரு தாளில் அச்செடுத்து வாங்கிக்கொண்டு அழிக்கச் சொல்லுங்கள். கோடு பதிவான கணத்தில் வோல்ட்டேஜ் எவ்வளவு என்று பல வண்டிகள் குறித்து வைத்திருக்கும், அதையும் கேளுங்கள். ஸ்டீயரிங் கோடுக்கு நேராக 8 சொச்சம் இருந்தால் அவர்களுக்கே புரியும். பிறகு ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன். வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் திரும்பி வருகிற கோடுதான் நிஜமான கோடு. யு எழுத்துக்காரர்கள் எல்லாம் காணாமல் போய், சி 0035 மாதிரி ஒன்று மட்டும் தனியாக வந்து நின்றால், அது முன் இடது சக்கரத்தின் வேக சென்சார் சர்க்யூட். அதைப் போய்ப் பாருங்கள். ஸ்டீயரிங் யூனிட்டின் உள்கோளாறு கோடே மறுபடி வந்து, யூனிட்டின் பிளக்கிலேயே கரண்டும் எர்த்தும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் நேரத்தில் சரியாக இருக்கிறது என்று மீட்டரை வைத்து உங்களுக்குக் காட்டினால், அன்றைக்கு 52,000 பற்றிப் பேசலாம், நானும் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

வரும் சனிக்கிழமை எடுக்கிற மூன்று எண்களை எழுதி அனுப்புங்கள்: கதவைத் திறக்கும் முன் எவ்வளவு, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு தாழ்ந்தது, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பாடி எர்த்தில் எவ்வளவு. கேமராவைப் பிடுங்கியது எந்தக் கிழமை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.